ஃபார்மேட் அடித்த பிறகு

அந்தக் கம்ப்யூட்டரை வெறுத்ததுபோல் நான் வேறெந்தப் பொருளையும் வெறுத்ததில்லை. மனிதர்களில் இரண்டொருவர் உண்டு. பொருட்களில் அது ஒன்றுதான்.

கல்யாணமான மறு வருஷமே நாங்கள் ஓசூருக்குக் குடிவந்துவிட்டோம். எங்கள் இருவருக்கும் அருப்புக்கோட்டைப் பக்கம். அவருக்குத் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை. கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற சாலையில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர்கள் கோசும் ரோஜாவும் பயிரிடுகிற குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, எதிர்வீட்டுக்காரர்களோடு கன்னடம், எங்களோடு தமிழ் என்று நினைத்த மாத்திரத்தில் மாற்றிப் பேசுவார்கள். நான் வாயைத் திறந்தால் என் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். அதனால் முதல் ஒன்றிரண்டு வருஷம் அதிகம் வாயைத் திறக்கவில்லை.

மகள் பிறந்தது அந்த வீட்டில் இருக்கும்போதுதான். பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. கொஞ்சம் வளரட்டும், பிறகு ஆபரேஷன் செய்யலாம் என்று பெங்களூரில் சொல்லிவிட்டார்கள். அதுவரை ஓடக் கூடாது, அதிகம் அழக் கூடாது, சளி பிடிக்கக் கூடாது. ஓசூர்க் குளிரில் ஒரு பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. அவள் என்னோடு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். வீட்டுக்காரர்கள் மட்டும் வந்து தூக்கிக் கொஞ்சுவார்கள். என்னிடம் தமிழ், அவர்களில் மருமகளிடம் கன்னடம், மற்றவர்களிடம் தெலுங்கு என்று அவள் வாய்க்குள் மூன்றும் ஒன்றாகப் போய் ஒன்றாக வெளியே வந்தன.

“எனக்கு ஊட்டா வத்து” என்பாள். ‘எனக்கு’ எங்களுடையது, சாப்பாட்டைச் சொல்லும் ‘ஊட்டா’ கன்னடம், வேண்டாம் என்கிற ‘வத்து’ தெலுங்கு. ஊரிலிருந்து வந்த என் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, பிள்ளை என்ன சொல்கிறது என்று என்னைப் பார்த்தான். அவள் பேசுவதை முழுக்கப் புரிந்துகொள்ள இந்த உலகத்தில் என்னை விட்டால் ஆளில்லை. அதில் எனக்கு ரகசியமாக ஒரு கர்வம் உண்டு.

நான் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது. வீட்டிலேயே டைப் செய்து கொடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. பெங்களூரில் கம்ப்யூட்டர் உதிரிகளை வாங்கி அங்கேயே பூட்டி, மானிட்டரை ஒரு போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அத்திப்பள்ளி வழியாகப் பஸ்ஸில் கொண்டுவந்தார். வரும் வழியெல்லாம் அதைப் பச்சைப் பிள்ளையைப்போலப் பிடித்திருந்ததாகப் பெருமையாகச் சொன்னார். உள்ளே போட்டிருந்த ஆபரேட்டிங் சிஸ்டம், பேனாவால் பேர் எழுதிய ஒரு சிடியிலிருந்து ஏற்றியது. அப்போது எல்லார் வீட்டிலும் அப்படித்தான். புதிதாக வந்தது, பழையதைவிட நல்லது என்று சொல்லி ஏற்றியிருந்தார்கள். சொன்னவர் அதில் ஒரு நாளாவது உட்கார்ந்து வேலை பார்த்திருக்க மாட்டார்.

காலையில் பொத்தானை அமுக்கினால், அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வரலாம், அதற்குள் எழுந்திருக்காது. எழுந்தால் உடனே குற்றப் பத்திரிகை வாசிக்கும். நேற்று நீ என்னைச் சரியாக மூடவில்லை, அதனால் சோதிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லும். மூடவிடாமல் கரண்டைப் பிடுங்கியது மின்சார வாரியம், திட்டு எனக்கு. கொஞ்ச நேரம் வேலை செய்தால், இந்த புரோகிராம் சட்டவிரோதமான ஒரு செயலைச் செய்துவிட்டது, அதனால் மூடப்படும் என்று ஒரு பெட்டி வரும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நிஜமாகவே பயந்துபோனேன். ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று அடித்துக்கொண்டிருந்தேன், அதில் என்ன சட்டவிரோதம்? சரி என்று ஒரே ஒரு பொத்தான்தான் அதில் இருக்கும். சரியில்லை என்று சொல்ல வழியே கிடையாது.

இதெல்லாம் சில்லறை வியாதிகள். பெரிய வியாதி, திரை முழுக்க நீலமாகி வெள்ளை எழுத்துகள் வந்து நிற்பது. அது வந்தால் அதுவரை அடித்தது போயிற்று. முதல் தடவை அப்படி ஆனபோது ரிப்பேர்காரருக்குப் போன் செய்தேன். ஜவளகிரிக்காரர், ராயக்கோட்டை சாலையில் சின்னக் கடை வைத்திருந்தார். ஊதாவா வந்துக்கிதுக்கா என்று கேட்டார். எங்கள் ஊரில் ஊதா என்றால் கத்தரிக்காய் நிறம். இல்லை, நீலம் என்றேன். அதாங்க்கா ஊதா என்றார். கொஞ்ச நேரம் இதற்கே தகராறு நடந்தது. பிறகு எங்கள் வீட்டிலும் அது ஊதாவாகிவிட்டது. மகள் திரையைப் பார்த்துவிட்டு, “அம்மா, ஊதா வந்திருச்சு” என்று அடுப்படிக்கு ஓடிவருவாள். ஓடாதே என்று கத்துவேன். கம்ப்யூட்டர் நின்றதைவிட அவள் ஓடிவந்ததுதான் எனக்குப் பயம்.

ரிப்பேர்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் கூப்பிட்ட அன்றைக்கு வந்ததில்லை. ஊரில் கேழ்வரகுக் கொல்லையில் யானை இறங்கிவிட்டது என்பார். காட்டோரக் கிராமம் என்பதால் பாதி நாள் அது உண்மையாகவும் இருக்கும். எந்தப் பாதி என்று நமக்குத் தெரியாது. வந்தால் அவரிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான். ஃபார்மேட் அடித்துவிடலாம் என்பார். அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்தை முதலிலிருந்து ஏற்றுவது. வாங்கிய புதிதில் ஒரு தடவை அப்படிச் செய்தார். அப்போது உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் டவுனில் டிடிபி செண்டர் வைத்திருந்த ஒரு பெண் எனக்கு வேலை கொடுக்க ஆரம்பித்தாள். அவளே வீட்டுக்கு வந்து, ஏதோ ஒரு சிடியைப் போட்டு, திறந்தவுடன் தமிழ் வருகிற மாதிரி அமைத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடங்களின் கேள்வித்தாள், பத்திரிகை, துண்டு நோட்டீஸ் என்று வந்தன. கீபோர்டில் இருந்ததெல்லாம் ஆங்கில எழுத்து. எனக்கு அது பொருட்டில்லை, என் விரல்களுக்கு டைப்ரைட்டிங் பழக்கம் இருந்தது. கீழே பார்க்காமலேயே அடிப்பேன்.

வேலை இல்லாத மத்தியானங்களில், மகள் தூங்கும்போது, அவள் சொன்னதை எல்லாம் அடித்து வைக்க ஆரம்பித்தேன். அவள் பேச்சு மாறிக்கொண்டே இருந்தது. போன மாதம் சொன்ன வார்த்தையை இந்த மாதம் விட்டுவிடுவாள். எழுதி வைக்காவிட்டால் எனக்கே மறந்துவிடும் என்று தோன்றியது. அம்மா என்று கூப்பிடுவதில் ஆரம்பித்து, கேட்டது, கோபித்தது, வீட்டுக்காரர்களின் மாட்டோடு பேசியது எல்லாம் அதில் இருந்தன. ஃபைலுக்குக் ‘குட்டி’ என்று பேர் வைத்தேன். எந்த நேரம் ஊதா வருமோ என்கிற பயத்தில், ஒவ்வொரு வரிக்கும் சேவ் செய்வேன். அதைப் பார்த்துப் பார்த்து அவளும் கற்றுக்கொண்டாள். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி நான் சிரித்துவிட்டால், “அம்மா, சேவ் பண்ணு” என்பாள்.

அந்த ஃபைலை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. வீட்டில் பிரிண்டர் இல்லை. ஃப்ளாப்பியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனேன். ஃப்ளாப்பி படிக்கவில்லை என்றார்கள். இன்னொரு ஃப்ளாப்பி வாங்கிப் போட்டேன், பாதி ஏறும்போது கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி அலைச்சல் கூடிவிட்டது. பிரிண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பெங்களூரில் ஆபரேஷன் நடந்தது. அவள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. அவர்கள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஊருக்குப் போய்க் காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். அவர் ஷிப்டுக்குப் போக ஆரம்பித்தார். நான் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. துணி போட்டு மூடி வைத்திருந்தேன். உள்ளே அவள் பேச்சு இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்கிற ஒரு நினைப்பு மட்டும் இருந்தது. அந்த நாட்களில் நான் எழுந்து, குளித்து, சோறாக்கியதற்கு அந்த நினைப்புதான் காரணம். வேறெதுவும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் துணியை எடுத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். ஊதாகூட வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி, ஏதோ ஒன்றைக் காணவில்லை என்று. மறுபடி அமுக்கினேன். மறுபடியும் அதே வரி.

ரிப்பேர்காரர் அன்றைக்கே வந்தார். யானைக் கதை சொல்லவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, ஃபார்மேட் அடித்தால்தான் ஆகும் என்றார். வேண்டவே வேண்டாம் என்று நான் கையைப் பிடிக்காத குறை. அந்த ஃபைல் ஒன்று போதும், கம்ப்யூட்டர் நாசமாய்ப் போகட்டும் என்றேன்.

“அக்கா, போனது சி டிரைவு. உங்க ஃபைலு டி-ல, தனி பாகத்துல கிதுக்கா. அதுக்கு ஒண்ணியும் ஆவாது. நான் பொறுப்பு” என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிதாக எல்லாம் ஏற்றி முடித்து, டி-யைத் திறந்தால் ‘குட்டி’ அங்கேயே இருந்தது. அவரும் ஷிப்ட் முடிந்து வந்து பின்னால் நின்றிருந்தார். ரிப்பேர்காரர் அதைத் திறந்தார்.

திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். ஆங்கிலமும் இல்லை. சின்ன எழுத்து, பெரிய எழுத்து, நடுநடுவே அரைப்புள்ளி, அடைப்புக்குறி. முதல் வரியே mk;kh என்று இருந்தது. அதே போலப் பக்கம் பக்கமாக, குப்பையைக் கொட்டியது மாதிரி. ரிப்பேர்காரர் மூடித் திறந்தார். அதேதான் வந்தது. அவர் முகம் செத்துவிட்டது. பாவம், அவர் கடையில் கணக்குக்கும் விளையாட்டுக்கும்தான் கம்ப்யூட்டர் வாங்குவார்கள், தமிழில் அடிக்கிறவர்களை அவர் பார்த்ததில்லை. கரப்ட் ஆயிடுச்சுக்கா, வைரஸ் தின்னுடுச்சு என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கூலி வாங்காமல் போய்விட்டார். டிடிபி செண்டர்ப் பெண்ணைக் கேட்கலாம் என்றால், அதற்குள் அவள் கல்யாணமாகிச் சேலத்துக்குப் போய்விட்டாள்.

நான் தினமும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கேயாவது ஒரு வரி பிழைத்திருக்காதா என்று கடைசிப் பக்கம் வரைக்கும் உருட்டிப் பார்ப்பேன். சோறு பொங்கி வழியும், தெரியாது. வாசலில் ஆள் வந்து கூப்பிட்டால் காதில் விழாது. அவர் வேலையிலிருந்து வந்து, நான் அந்தக் குப்பையின் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு நாள் நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது அவர் அதை அழித்துவிட்டார். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டார். நான் வந்ததும் அவரே சொன்னார்.

“அது அவ பேச்சு இல்லம்மா. வெறும் கசடு. கண்ணு முன்னாடி கெடந்தா நீ தேற மாட்ட.”

எனக்குக் கோபம் வரவில்லை. சரியென்றுதான் பட்டது. வெந்துபோன உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்க விடாமல் ஒருவர் துணியை இழுத்து மூடியதுபோல இருந்தது. கொஞ்ச நாளில் கம்ப்யூட்டரையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டோம். அதைத் தூக்கிக்கொண்டு போனபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். வீட்டுக்காரர்களின் மருமகள் தன் தம்பி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, பிழை பார்க்க ஆள் வேண்டும். கடையில் இருந்தவர் எங்கள் பத்திரிகையைத் திறந்தார். திரை முழுக்க அதே குப்பை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். ஐயோ, உங்களுக்கும் போய்விட்டதா என்று கேட்கப் போனேன்.

அதற்குள் நடுவில் ஓரிடத்தில் mk;kh என்று இருப்பது கண்ணில் பட்டது. எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். மேசை விளிம்பில் இருந்த என் விரல்கள் தானாக அசைந்தன. எம் இருக்கிற இடத்தில் அ. கே இருக்கிற இடத்தில் ம. அரைப்புள்ளிதான் புள்ளி. மறுபடி ம. ஹெச் இருக்கிற இடத்தில் துணைக்கால்.

கடைக்காரர் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, மேலே ஏதோ ஒரு பேரைச் சொடுக்கினார். மொத்தமும் தமிழாகிவிட்டது. ‘அம்மாபேட்டை’ என்று பெண் வீட்டு விலாசம் வந்து நின்றது. இது எப்படி என்று கேட்டேன். இது ஃபாண்ட்டுங்க, எழுத்து வடிவம், இது ஏற்றாத சிஸ்டத்தில் திறந்தால் இப்படித்தான் தெரியும், ஏற்றினால் சரியாகிவிடும், உள்ளே இருக்கிறது எங்கேயும் போகாது என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

உள்ளே இருக்கிறது எங்கேயும் போகாது. ஆபரேட்டிங் சிஸ்டத்தை அழித்தபோது அந்த எழுத்து வடிவமும் சேர்ந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். ஃபைல் முழுசாக இருந்திருக்கிறது. அத்தனை மத்தியானங்கள் நான் அழுதுகொண்டு உருட்டியது அவள் பேச்சைத்தான். முதல் வரியில் அவள் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். டைப்ரைட்டிங் பாஸ் செய்தவளுக்கு அது படிக்கத் தெரியவில்லை.

மருமகள் என் முகத்தைப் பார்த்து, ஏன் இப்படி வேர்க்கிறது என்று கேட்டாள். வெயில் என்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? அழித்தது அவர் கை. அந்தக் கையோடு அவர் தினமும் மிஷினில் நிற்க வேண்டும். நான் ஒருத்தி சுமந்தால் போதும் என்று நினைத்தேன்.

அதற்கப்புறமும் காலம் போயிற்று. அவர் சூப்பர்வைசர் ஆனார், அவர் மேசையிலும் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர் ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பாதுகாப்பு பற்றித் தமிழில் ஒரு சுற்றறிக்கை மெயிலில் வந்ததாம். திறந்தால் கன்னாபின்னா என்று இருந்ததாம். ஆபீஸிலிருந்து ஒரு ஆள் வந்து ஏதோ ஃபாண்டை ஏற்றியவுடன் தமிழ் வந்துவிட்டதாம். இவ்வளவையும் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“நம்ம பிள்ளை ஃபைல்ல மொத வரி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எம், கே, செமிகோலன், கே, ஹெச். அந்தாளுகிட்ட கேட்டேன். அம்மான்னு சொல்றான்.”

எத்தனையோ வருஷம் அவரும் அந்த எழுத்துகளை மனசுக்குள் வைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் தயாராக வைத்திருந்த பொய்யைச் சொன்னேன்.

“அது வேறங்க. நம்மது வைரஸ். நான் அப்பவே ஒரு டிடிபி கடையில விசாரிச்சுட்டேன். ஃபாண்ட் போட்டாலும் வந்திருக்காதுன்னாங்க.”

“விசாரிச்சியா?”

“விசாரிச்சேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு முகத்தில் பொய் நிற்காது, அது அவருக்குத் தெரியும். எப்போது விசாரித்தாய், எதற்கு விசாரித்தாய் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டுக் குனிந்து ஷூவின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். அது சுலபத்தில் அவிழவில்லை.

நான் உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். சாப்பிடுங்க என்றேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஊட்டா வத்து” என்றார்.

அவள் போன பிறகு அந்த வார்த்தைகளை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அத்தனை பக்கங்களில் எங்களிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு வரிதான். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய் மூடி வைத்தேன்.